சீனர்கள் தங்கள் நாட்டையே பார்க்கக் கிளம்பும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெய்ஜிங் அரண்மனையிலோ துன்ஹுவாங் குகைகளிலோ நிற்கும் கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லாம் சீனர்கள். டிக்கெட் விதி, நுழைவாயில் இயந்திரம், உடை வாடகைக் கடை, நினைவுப் பொருள் அனைத்தும் அவர்களை மனதில் வைத்து அமைந்தவை. இது தெரியாமல் போகிறவர்கள்தான் வாசல்வரை சென்று திரும்புகிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. விலைகள் யுவானில்.

எந்த நாட்களில் போகவே கூடாது?

அக்டோபர் 1 முதல் 7 வரை. 1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனக் குடியரசு அறிவிக்கப்பட்டதை ஒட்டிய இந்த விடுமுறைக்குப் ‘பொன் வாரம்’ என்று பெயர். மக்கள் வெளியே போய்ச் செலவு செய்யட்டும் என்று 1999இல் அரசு இதை ஏழு நாளாக நீட்டியது. மே தினத்துக்கும் சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கும் அப்படியே செய்தார்கள். 2008இல் மே தின விடுமுறை சுருங்கியது. பதிலுக்கு முன்னோர் கல்லறைகளைப் போய்ப் பார்க்கும் சிங்மிங், டிராகன் படகு விழா, நிலா விழா ஆகிய மூன்றும் அரசு விடுமுறை ஆயின. 2025 முதல் ஆண்டுக்கு மொத்தம் 13 நாள் பொது விடுமுறை.

இந்த ஏழு நாளும் இனாமாகக் கிடைப்பதில்லை. தேசிய நாளுக்குச் சட்டப்படி லீவு மூன்று நாள்தான். மீதியை முன்னும் பின்னும் வரும் வார இறுதியில் வேலைக்கு வந்து ஈடுகட்ட வேண்டும். ‘தியாவ்ஷியு’ எனப்படும் இந்த ஏற்பாட்டைத் திட்டாத ஊழியர் அங்கே அபூர்வம். ஆனால் பயணிக்கு இதில் ஒரு லாபம் உண்டு. விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு வேலை நாளாக அறிவிக்கப்பட்டிருந்தால், அன்று சுற்றுலா இடங்கள் வழக்கமான ஞாயிறைவிடக் காலியாக இருக்கும். அடுத்த ஆண்டுப் பட்டியல் முந்தைய ஆண்டின் இறுதியில் வெளியாகிவிடும். விமான டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

சாலையில் போவதாக இருந்தாலும் கவனம் தேவை. 2012 முதல், நான்கு பெரிய விடுமுறைகளில் ஏழு இருக்கை வரையிலான கார்களுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. சுங்கச்சாவடியை விட்டு வெளியேறும் நேரம்தான் கணக்கு. உள்ளே நுழைந்த நேரம் அல்ல. சலுகை முடியும் இரவு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 10க்கு மேல், நவம்பர் நடுப்பகுதிவரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. பொன் வாரத்துக்கு அடுத்த மோசமான காலம்.

தியானன்மென் கொடியேற்றத்தை எப்படிப் பார்ப்பது?

பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் தினமும் சூரிய உதயத்தில் கொடி ஏறும். கடிகாரத்துக்கு இங்கே வேலை இல்லை: சூரியனின் மேல் விளிம்பு தொடுவானத்தைத் தொடும் நொடியில் கொடி கம்ப உச்சியை எட்ட வேண்டும். ஏற ஆகும் நேரம் 2 நிமிடம் 7 நொடி. பெய்ஜிங்கில் ஜூன் நடுவில் இது காலை 4.45 மணியளவில் நடக்கும். அக்டோபர் 1 அன்று 6.10, ஜனவரி 1 அன்று 7.36. ஆகவே தேதியைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. குளிர் தாங்குமென்றால் டிசம்பர், ஜனவரியில் போகலாம். நள்ளிரவில் எழ வேண்டியதில்லை. 2018 ஜனவரி 1 முதல் கொடியணியை மக்கள் விடுதலைப் படையின் மரியாதைக் காவல் பிரிவு நடத்துகிறது. மாதத்தின் முதல் நாளில் இராணுவ இசைக்குழு நேரில் வாசிக்கும். மற்ற நாட்களில் கூட்டமும் குறைவு, சடங்கும் சற்றுச் சுருக்கம்.

2021 டிசம்பர் 15 முதல் சதுக்கத்துக்குள் நுழைய முன்பதிவு கட்டாயம். வீசாட் (WeChat) என்ற உரையாடல் செயலிக்குள் திறக்கும் சின்னச் செயலியில் செய்ய வேண்டும். ‘கொடியேற்றம்’ என்ற நேரப் பிரிவையே தேர்ந்தெடுங்கள். ‘காலை’ என்பது கொடி ஏறி முடிந்த பிறகு வரும் வேறு பிரிவு. அதை எடுத்துவிட்டு இருட்டில் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்று தவறக்கூடியவை: கோடையில் அந்நேரம் மெட்ரோ ஓடாது. பெரிய நாட்களில் அருகிலுள்ள நிலையங்களையும் மூடிவிடுவார்கள், அதனால் நடக்கும் தூரத்தில் விடுதி எடுப்பது உத்தமம். பாஸ்போர்ட் அசலே வேண்டும், நகல் செல்லாது. லைட்டர், ஸ்ப்ரே டப்பா, கத்தி, எழுத்துள்ள துணிப் பதாகை எதுவும் உள்ளே போகாது. முன்வரிசை வேண்டுமானால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். தாமதமாக வந்தால் தூக்கிப் பிடித்த போன்களும் அப்பாக்களின் தோளில் உட்கார்ந்த குழந்தைகளும்தான் தெரியும். அந்தக் காட்சியும் பார்க்கத் தக்கதே.

அரண்மனை டிக்கெட் ஏன் கிடைப்பதே இல்லை?

தடைசெய்யப்பட்ட நகரம் என்று நாம் சொல்லும் குகோங், 1406 முதல் 1420 வரை மிங் பேரரசர் யோங்லே கட்டியது. 1925 அக்டோபர் 10 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 40,000 பேருக்கு மேல் விடமாட்டார்கள். அந்நாட்டு மக்கள்தொகைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

முறை எளிது. ஏழு நாளுக்கு முன், பெய்ஜிங் நேரப்படி இரவு 8 மணிக்கு டிக்கெட் திறக்கும். இந்திய நேரப்படி அது மாலை 5.30. நீங்கள் போக நினைப்பது பதினைந்தாம் தேதி என்றால் எட்டாம் தேதி மாலை 5.25க்கு அரண்மனையின் டிக்கெட் செயலியில் உட்காருங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் முன்பே சேமித்திருக்க வேண்டும். 8 மணிக்குப் பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கினால் காலைப் பிரிவு போய்விடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. கருவூலக் கூடத்துக்கும் கடிகாரக் கூடத்துக்கும் தனித்தனியே 10 யுவான். கடிகாரக் கூடத்தைத் தவற விடாதீர்கள்.

வழக்கமான சறுக்கல்கள் மூன்று. முதலாவது, திங்கட்கிழமை: அரசு விடுமுறையாக இல்லாவிட்டால் அன்று மூடியிருக்கும். இரண்டாவது, வாசல்: தெற்கேயுள்ள மதிய வாசல் வழியாக மட்டுமே உள்ளே போகலாம். வடக்கு வாசலும் கிழக்கு வாசலும் வெளியேற மட்டும். வடக்கே டாக்சியில் இறங்கியவர் சுற்றுச்சுவரை ஒட்டி நீண்ட நடை நடக்க வேண்டும். அரண்மனையின் வடக்குத் தெற்கு நீளமே 961 மீட்டர். மூன்றாவது, இடைத்தரகர்கள்: டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது, அதனால் வேறு பெயரில் வாங்கியது வாசலில் செல்லாது.

பெருஞ்சுவருக்கு எந்தப் பகுதி?

கூட்டம் வேண்டாமென்றால் முதியான்யு. சீனர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் பாடலிங். பாடலிங்கில் நாளுக்கு 65,000 பேர் என்று 2019இல் வரம்பு வைத்தார்கள். அங்கே ரயிலில் போவதுதான் பாதிச் சுவாரசியம். 1909இல் சீனப் பொறியாளர் ஜான் தியான்யோவின் தலைமையில், வெளிநாட்டுப் பொறியாளர் துணையில்லாமல் இந்த மலைக்குள் பெய்ஜிங்–ஜாங்ஜியாகோவ் பாதை போடப்பட்டது. பள்ளிப் பாடத்தில் படித்த பெருமை அது. 2019 டிசம்பர் 30 அன்று அதே வழித்தடத்தில் அதிவேக ரயில் வந்தது. பாடலிங் நிலையம் தரைக்குக் கீழே 102 மீட்டர் ஆழத்தில், சுவருக்கே அடியில் இருக்கிறது. மேலே வர நீண்ட எஸ்கலேட்டர்கள். பிள்ளைகளுக்கு அப்பாக்கள் பழைய பாதையின் கதையைச் சொல்வது அந்த எஸ்கலேட்டரில்தான்.

யுவான்மிங்யுவானை ஏன் திரும்பக் கட்டாமல் இடிபாடாகவே வைத்திருக்கிறார்கள்?

வேண்டுமென்றேதான். 1707இல் தொடங்கி சிங் பேரரசர்கள் பெய்ஜிங்கில் நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்த்த தோட்ட அரண்மனை அது. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கொள்ளையடித்தன. பின்னர் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் தீ வைக்கப்பட்டது. மரக் கட்டடங்கள் சாம்பலாகி, ஐரோப்பிய பாணியில் கட்டிய கல் மாளிகைகளின் தூண்கள் மட்டும் எஞ்சின. சீனாவில் ‘அவமான நூற்றாண்டு’ என்று சொல்லிக் கொடுக்கும் வரலாற்றுக்கு இந்தத் தூண்களே படம். கட்டிவிட்டால் சாட்சி போய்விடும் என்பது ஒரு தரப்பின் வாதம். இன்றுவரை அதுவே வென்றிருக்கிறது. கட்டித்தான் பார்க்க வேண்டும் என்றவர்கள் ஜெஜியாங் மாநிலத்தின் ஹெங்தியானில் ஒரு நகலைக் கட்டினார்கள். 2015இல் திறந்தார்கள்.

இதோடு ஒட்டியதுதான் பன்னிரண்டு வெண்கலத் தலைகளின் கதை. ஒரு நீரூற்றுக் கடிகாரத்தில் எலி முதல் பன்றி வரை பன்னிரு ராசி விலங்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் இரண்டு மணி நேரத்தில் நீர் பீய்ச்சும். நண்பகலில் எல்லாம் சேர்ந்து பீய்ச்சும். இதுவரை திரும்பியவை ஏழு: 2000இல் ஹாங்காங் ஏலத்தில் மீட்ட எருது, புலி, குரங்கு, மக்காவ் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோ வாங்கிக் கொடுத்த பன்றியும் குதிரையும், பிரான்ஸின் பினோ குடும்பம் 2013இல் கொடுத்த எலியும் முயலும். குதிரைத் தலை மட்டும் 2020 டிசம்பரில் யுவான்மிங்யுவானுக்கே வந்து சேர்ந்தது. அங்குள்ள ஜெங்ஜுவே கோயிலில் பார்க்கலாம்.

போவதற்கு மெட்ரோ 4ஆம் தடத்தில் யுவான்மிங்யுவான் நிலையம். ஆங்கிலத்தில் இதைப் ‘பழைய கோடை அரண்மனை’ என்பார்கள். ஆனால் வெறுமனே ‘கோடை அரண்மனை’ என்று டாக்சிக்காரரிடம் சொன்னால் யிஹெயுவானில் இறக்கிவிடுவார். அது வேறு இடம். கல் தூண்கள் தெற்கு வாசலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ளன. சாதா நுழைவுச் சீட்டு அந்தப் பகுதிக்குச் செல்லாது. தொடக்கத்திலேயே கூட்டுச் சீட்டாகக் கேளுங்கள்.

‘சிவப்புச் சுற்றுலா’ என்பது என்ன? வெளிநாட்டவர் போகலாமா?

கம்யூனிஸ்ட் கட்சி வரலாற்று இடங்களுக்கான யாத்திரை. 2004 டிசம்பரில் இதற்கென்றே தேசியத் திட்டம் வெளியானது. 1927இல் மாவோ தளம் அமைத்த ஜிங்காங்ஷான், செம்படையின் நெடும்பயணத்தின்போது 1935இல் கட்சிக் கூட்டம் நடந்த ஸுன்யி, பத்தாண்டுக்கு மேல் தலைமையிடமாக இருந்த யானான், மாவோ பிறந்த ஷாவ்ஷான் ஆகியவை முக்கியமானவை. போகலாம், தடை ஏதுமில்லை.

ஷாவ்ஷான் போவது எளிது. சாங்ஷாவிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். சதுக்கத்தில் நிற்கும் வெண்கலச் சிலை 1993இல் வைத்தது. சிலை 6 மீட்டர், பீடம் 4.1 மீட்டர், கூட்டினால் 10.1: பத்தாம் மாதம் முதல் நாள், தேசிய நாள். குழுக்கள் பூக்கூடை வைத்து, மூன்று முறை தலைகுனிந்து, சிலையைச் சுற்றி வருகின்றன. சுற்றி வருவது கட்சி விதியில் இல்லை, அது ஊர் வழக்கம். கோயில் பிரகாரம் சுற்றிப் பழகிய நமக்கு விளக்கம் தேவைப்படாது. கட்சிக் கிளைகளும் அரசு அலுவலகங்களும் வாரநாட்களில் பேருந்து நிறைய வரும். உறுப்பினர்கள் வலது கை முஷ்டியை உயர்த்தி உறுதிமொழி சொல்லும்போது குறுக்கே நடக்காதீர்கள், முகத்தருகே கேமராவை நீட்டாதீர்கள். சாம்பல் நிறச் செம்படை உடை வாடகைக்குக் கிடைக்கும். இளைஞர்கள் அதை வேடிக்கையாகவும் வயதானவர்கள் பயபக்தியோடும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே சதுக்கத்தில் நடக்கும்.

நான்ஜிங் நினைவகத்துக்கு என்ன ஒழுங்கு?

1937இல் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையின் நினைவகம். கட்டணம் இல்லை, முன்பதிவு உண்டு, திங்கட்கிழமை மூடல். அடர்நிற உடை, தாழ்ந்த குரல், செல்ஃபி வேண்டாம். 2014 முதல் டிசம்பர் 13 தேசிய நினைவு நாள், காலை 10.01க்கு நகரம் முழுக்கச் சங்கொலி எழும், வாகனங்கள் நின்று ஹாரன் அடிக்கும். தெருவில் இருந்தால் நீங்களும் நின்றுவிடுங்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்த தியாகிகளை இழிவுபடுத்துவது 2018 மே 1 முதல் நடப்பில் உள்ள தனிச் சட்டத்தின்படி சட்டவிரோதம். இதில் நகைச்சுவைக்கு இடமே இல்லை.

ஹான்ஃபு வாடகைக்கு எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் இது எந்த உடை என்பது. ஹான் இனத்தவரின் பழைய உடை என்று சொல்லப்படும் இது, மஞ்சு இனத்தவரின் சிங் ஆட்சிக்கு முந்தைய பாணிகளிலிருந்து இக்காலத்தவர் மீட்டெடுத்தது. நாம் படங்களில் பார்த்த உடலோடு ஒட்டிய சீபாவ் ஹான்ஃபு அல்ல. 2003இல் செங்சோவில் ஓர் இளைஞர் இதை அணிந்து வீதியில் நடந்ததே செய்தியானது. 2010இல் செங்டுவில் இதை ஜப்பானியரின் கிமோனோ என்று தவறாக எண்ணிய கூட்டம், அணிந்திருந்த பெண்ணைக் கழற்ற வைத்து உடையைக் கொளுத்தியது. இன்று சியானிலும் லோயாங்கிலும் மாலை நேரத் தெருவில் சாதா உடையில் நிற்பவர்தான் அந்நியமாகத் தெரிவார்.

கழுத்துப்பட்டி விஷயத்தில் தவறக் கூடாது. வலப் பக்க மடிப்பை உடம்போடு ஒட்டி முதலில் போட்டு, இடப் பக்க மடிப்பை அதன் மேலே கொண்டுவர வேண்டும். மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு. போன் முன்கேமரா படத்தைத் திருப்பிக் காட்டுவதால் சரியாகப் போட்டவர்கள்கூடக் குழம்பி மாற்றிக்கொள்வது உண்டு. கண்ணாடியையும் நம்பாதீர்கள், கையால் தொட்டுப் பாருங்கள்.

அதிகம் விற்பது ‘குதிரைமுகப் பாவாடை’. இரண்டு துணிப் பாகங்கள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் மடிப்பில்லாத தட்டைப் பலகை, நடுவே கொசுவம். இரண்டையும் ஒரே இடுப்புப் பட்டையில், ஓரப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு தைத்திருப்பார்கள். கட்டும்போது ஒரு பலகை சரியாக முன் நடுவிலும் இன்னொன்று பின் நடுவிலும் வர வேண்டும், கொசுவங்கள் இரு இடுப்பிலும் விழ வேண்டும். பலகை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் இடுப்பளவு பொருந்தவில்லை என்று பொருள். நாடாவை இறுக்கினால் சரியாகாது, வேறு அளவு கேளுங்கள். புடவை கட்டுபவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. ஷான்தோங் மாநிலத்தின் சாவ்ஷியான் என்ற மாவட்டம் நாடு முழுவதற்கும் இதைத் தைத்து அனுப்புகிறது.

தாங் காலப் பாணியில் மார்புக்கு மேலே கட்டும் பாவாடை அழகு, ஆனால் நடக்க நடக்க நழுவும். உள்ளே தோள்நாடாவும் ஊக்கும் வைத்துத் தரச் சொல்லுங்கள். படிக்கட்டில் முன்பக்கத்தைக் கையில் தூக்கிக்கொள்ளாமல் ஏறினால் நுனியை மிதித்து விழுவது நிச்சயம்.

கடையில் பேச வேண்டியவை: விளம்பர விலையில் முகப்பூச்சும் முடியலங்காரமும் சேருமா, படம் எடுப்பவர் எத்தனை படங்களைத் திருத்தித் தருவார், கூடுதல் படத்துக்கு எவ்வளவு, உடையை எத்தனை மணிக்குள் திருப்ப வேண்டும், முன்பணம் எப்போது திரும்பும். குறைந்த விலை சொல்லிவிட்டுத் திருத்திய படத்துக்குக் கறப்பதுதான் அதிகம் வரும் புகார். பதில்களைச் செயலி உரையாடலில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்கே ஒன்றரை மணி நேரம் போகும். வெளிநாட்டவர் அணிவதை அங்கே பெரும்பாலும் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பெருமிதமெல்லாம் அரசு சொல்லி வருவதா, மக்களுடையதா?

ஒரே பதிலில் அடக்க முடியாது. 2024 ஜனவரி 1 முதல் தேசபக்திக் கல்விச் சட்டம் நடப்பில் உள்ளது. பள்ளிச் சுற்றுலா, அருங்காட்சியகம், விழா எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன. சிவப்புச் சுற்றுலா முழுக்க மேலிருந்து வந்தது. ஹான்ஃபு கீழிருந்து, இணைய மன்றங்களிலிருந்து வந்தது. பிறகுதான் நகராட்சிகள் ‘ஹான்ஃபு அணிந்தால் இலவச நுழைவு’ என்று பின்னால் ஓடின. அரசு அருங்காட்சியகங்கள் பல 2008 முதல் இலவசமானது அரசு முடிவு; ஃபிரிட்ஜ் காந்தத்துக்காக விடியற்காலையில் அங்கே வரிசை நிற்பதற்கு யாரும் ஆணையிடவில்லை. ஒரே பயணி காலையில் கொடிக்கு முன் கண் கலங்கி, மாலையில் பேரரசி உடையில் படம் எடுத்துக்கொள்கிறார். அதில் அவருக்கு முரண் எதுவும் தெரிவதில்லை.

காந்தமா?

ஆமாம். பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் மிங் பேரரசர் வான்லியின் மனைவி சியாவ்துவானின் மணிமுடி இருக்கிறது: பொன் டிராகன்கள், மீன்கொத்தி இறகால் நீலம் பூசிய ஃபீனிக்ஸ்கள், முத்துச் சரங்கள். 1950களில் திங்லிங் கல்லறையிலிருந்து எடுத்தது. 2024இல் அதை மரத்தில் சின்னதாகச் செய்து காந்தமாக விற்றார்கள். தீர்ந்து தீர்ந்து வந்தது. கன்சு மாநில அருங்காட்சியகத்தின் பறக்கும் வெண்கலக் குதிரை, கோணல் முகத்தோடு ஒரு பச்சைத் துணிப் பொம்மையாகி 2022இல் நாட்டையே சிரிக்க வைத்தது.

முத்திரை சேகரிப்பு இன்னொரு பைத்தியம். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் வாசல் மேசையில் ரப்பர் முத்திரைகள் இருக்கும். மெல்லிய தாள் நோட்டில் மை மறுபக்கம் ஊறும். தடித்த தாள் நோட்டு எடுத்துப் போங்கள், நடுவே வைக்க உறிஞ்சுதாளும் வேண்டும். பல நிற முத்திரையில் நான்கைந்து கட்டைகளை அடுத்தடுத்து ஒரே இடத்தில் அழுத்த வேண்டும். வெளிர் நிறம் முதலில், கறுப்புக் கோடு கடைசியில். கட்டையின் மூலையும் தாளின் மூலையும் ஒவ்வொரு முறையும் ஒட்டி வராவிட்டால் டிராகனுக்கு இரண்டு மூக்கு வரும்.

துன்ஹுவாங் குகைகளில் ‘ஏ’ டிக்கெட், ‘பி’ டிக்கெட் என்கிறார்களே?

பாலைவனச் சோலையான துன்ஹுவாங்கில் கி.பி. 366 முதல் குடையத் தொடங்கிய மோகாவ் குகைகள் 735. ஓவியங்களின் பரப்பு 45,000 சதுர மீட்டர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘ஏ’ 238 யுவான்: எண்ணியல் மையத்தில் இரண்டு திரைப்படங்கள், அங்கிருந்து பேருந்து, வழிகாட்டியோடு எட்டுக் குகைகள். நாளுக்கு 6,000 மட்டும், 30 நாள் முன்பு திறக்கும். ‘பி’ 100 யுவான்: படம் இல்லை, நான்கு குகைகள். ‘ஏ’ தீர்ந்த பிறகுதான் ‘பி’ விற்பனைக்கு வரும். அவ்வளவு தூரம் போய் ‘பி’யோடு திரும்புவது வீண். ஜூலை, ஆகஸ்ட்டில் ‘ஏ’ வேண்டுமென்றால் முதல் நாளே எடுங்கள்.

எண்ணிக்கையை ஏன் இப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? மூச்சுதான் எதிரி. கூட்டத்தின் மூச்சில் ஈரமும் கரியமில வாயுவும் கூடுகின்றன. ஈரம் மண்பூச்சிலுள்ள உப்பைக் கரைக்கிறது. காயும்போது உப்பு மறுபடி படிகமாகி ஓவியத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. குகைக்குள் அளவிகள் இருக்கின்றன, எல்லை தாண்டினால் அந்தக் குகையை மூடிவிடுவார்கள். எந்த எட்டு என்பதை வழிகாட்டிதான் முடிவு செய்வார், கேட்டு வாங்க முடியாது. படம் எடுக்கவும் கூடாது.

17ஆம் எண் குகைக்கு முன் பேச்சு அடங்கும். 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோயிசத் துறவி இங்கே அடைத்துவைத்த பல்லாயிரம் சுவடிகளைக் கண்டார். 1907இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆரல் ஸ்டைனும் 1908இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோவும் அற்ப விலைக்குப் பெருங்கட்டுகளை லண்டனுக்கும் பாரிஸுக்கும் கொண்டுபோனார்கள். சீன வழிகாட்டிகள் இதைச் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். யுவான்மிங்யுவானில் கேட்ட அதே தொனி.

தமிழோடு தொடர்புள்ள இடம் உண்டா?

சுவான்சோ. குவான்சோ என்றும் எழுதுகிறார்கள். ஃபூஜியான் கடற்கரையில், சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று; 2021இல் 22 இடங்கள் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தமிழ் வணிகர்கள் இங்கே தங்கியிருந்தார்கள், சிவன் கோயில் எழுப்பினார்கள். தமிழும் சீனமுமாக அமைந்த கல்வெட்டு ஒன்று 1956இல் கிடைத்தது: சக ஆண்டு 1203, சித்திரை, அதாவது 1281. குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது.

கையுவான் கோயில் மகாமண்டபத்தின் முன்பக்கத்தில் படம் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். முன் மேடையின் அடிப்பகுதியில் மனித முகச் சிங்கங்களின் வரிசை. சுற்றிப் பின்பக்கம் போனால் தாழ்வாரத்தில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. பழைய கோயிலிலிருந்து மிங் காலத்தில் எடுத்து நட்டவை. வட்டங்களுக்குள் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார், கண்ணன் விளையாடுகிறான். நம் ஊர்த் தூணில் பார்த்த அதே அமைப்பு. நுழைவு இலவசம். கடல்சார் அருங்காட்சியகத்தில் இதே வகைக் கற்கள் நிறைய உண்டு, திங்களன்று மூடல். இதன் மறுமுனையை இலங்கையில் பார்க்கலாம்: மிங் காலக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்த, 1409 தேதியிட்ட சீனம், தமிழ், பாரசீக மும்மொழிக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சுவான்சோ வரும் சீன இளைஞர்கள் பெரும்பாலும் தூணுக்காக வருவதில்லை. ஷுன்பூ மீனவக் கிராமத்தின் தலைப்பூவுக்காக வருகிறார்கள். கூந்தலைப் பின்னால் கொண்டையாக்கி, ஓர் எலும்பு ஊசியைக் குறுக்கே செருகி, மொட்டுச் சரங்களை ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையமாகச் சுற்றி, மேலே பெரிய பூக்களைக் குத்துவார்கள். 2008 முதல் தேசிய மரபுப் பட்டியலில் உள்ளது. தலைப்பூவுக்கு மட்டும் 40, 50 யுவான் அளவில் கேட்பார்கள். பருவமில்லாத காலத்தில் பிளாஸ்டிக் பூ வைப்பதும் உண்டு, முன்பே கேளுங்கள். சிப்பி ஓட்டுச் சுவர்கள் முன் படம் எடுக்கக் காலை 9 மணிக்கு முன் போய்விடுங்கள்.

ரயில், பணம், பாஸ்போர்ட்டில் எங்கே சிக்கும்?

ரயில் டிக்கெட் 12306 செயலியில் 15 நாள் முன்பிருந்து. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். குடும்பப் பெயர் இடம் காலியாகவோ தலைப்பெழுத்தோடோ இருக்கும் நம் பாஸ்போர்ட்டுகள் முதல் சரிபார்ப்பில் அடிக்கடி தடுக்கின்றன, ஆகவே கணக்கை இரண்டு வாரம் முன்பே திறந்து சரிபார்ப்பை முடியுங்கள். நிலையத்தில் பல தானியங்கி வாசல்கள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் படிக்காது. ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியே போங்கள். புறப்பட சில நிமிடம் இருக்கும்போதே வாசல் மூடிவிடும்.

அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் நம் விசா, மாஸ்டர் அட்டைகளை இணைக்கலாம். 200 யுவான் வரை கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். பெரிய தொகையைக் கடைக்காரர் ஒப்புக்கொண்டால் பிரித்துக் கட்டுங்கள். 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானத்தில் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர்பேங்க் போகாது. இந்தியாவில் வாங்கியதில் அது பெரும்பாலும் இருக்காது, அங்கே போய் வாங்குவது மேல். தைவானைத் தனி நாடாகக் காட்டும் அச்சு வரைபடங்களைச் சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் விசா தேவையில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் வேண்டும்.

எல்லாம் செய்தும் அரண்மனை டிக்கெட் கிடைக்காவிட்டால்?

ரத்தான டிக்கெட்டுகள் செயலியில் அவ்வப்போது தலைகாட்டும். முந்தைய நாள் இரவு பார்த்துக்கொண்டே இருங்கள். அதுவும் இல்லையென்றால் வடக்கு வாசலுக்கு நேர் எதிரே ஜிங்ஷான் குன்று, சாதாரண நாளில் 2 யுவான். உச்சி மண்டபத்தில் தெற்கு நோக்கி நின்றால் மஞ்சள் ஓடுகள் முழுவதும் கீழே விரியும். வடக்கே திரும்பினால் முரசுக் கோபுரம். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 7.8 கிலோமீட்டர் நடு அச்சு அந்த மண்டபத்தின் வழியாகவே போகிறது. வெயில் சாயும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே ஏறிவிடுங்கள், தென்பக்கக் கைப்பிடி ஓரம் சீக்கிரம் நிறைந்துவிடும்.